சைக்கிள் சார்ஜ் லைட்: பெட்டியில் 6 மணித்தியாலம், றோட்டில் 40 நிமிடம்

வலையிறவான்

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். கடை பூட்ட எட்டு மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு புதூர் வழியாக வலையிறவுப் பாலம் ஏறி வவுணதீவுப் பக்கம் போக வேண்டும். பாலம் தாண்டினால் வயலும் தண்ணீரும்தான். தெருவிளக்கு ஒன்று எரிந்தால் அடுத்த மூன்று எரியாது. றோட்டில் மாடு படுத்திருக்கும். எருமை என்றால் கிட்டப் போய் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் தெரியும்.

தைப்பொங்கல் நேரம் ஒன்லைனில் ஒரு சார்ஜ் லைட் எடுத்தேன், 3,400 ரூபா. வெளிச்சம் 1200 லூமன், பற்றரிக் கொள்ளளவு 4800 எம்.ஏ.எச், எரியும் நேரம் 6 மணித்தியாலம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எரிந்தது. இப்போது ஆவணி, 40 நிமிடத்தில் படக்கென்று அணைகிறது. கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் வீட்டுக்குப் போய்ச் சேரவே 45 நிமிடம் ஆகும். கடைசித் துண்டுக்குப் போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு போன நாளும் உண்டு, சிரிக்க வேண்டாம்.

பற்றரி போய்விட்டதா, லைட்டே போய்விட்டதா? புதிதாக எடுப்பது என்றால் 5,000 ரூபாவுக்குள் எது நம்பலாம்?

றலிக்காரர்

தம்பி, டைனமோ.

இன்னும் இரண்டு வரி எழுதுகிறேன், இல்லாவிட்டால் கோபக்காரக் கிழவன் என்பீர்கள். ஆரையம்பதியில் இருக்கிறேன். என் றலிச் சைக்கிளுக்கு வயது உங்களை விடக் கூட. 78 சூறாவளிக்குப் பிறகு கறண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் ஊருக்குள் நடமாடிய வெளிச்சம் டைனமோ வெளிச்சம். சார்ஜ் இல்லை, கேபிள் இல்லை. காலில் பலம் இருக்கும் வரை எரியும்.

ரியூசன் பெடியன்

ஐயா, காலில் பலம் இல்லாதவர்கள் என்ன செய்வது 😅

வலையிறவான் அண்ணன், 3,400க்கு 1200 லூமன் என்றால் அது பெட்டியில் மட்டும் எரியும் லூமன்.

சாய்ந்தமருது ரிப்பேர்

போன் ரிப்பேர் செய்கிறவன் நான். இந்த லைட்டுகளும் மேசைக்கு வரும். 2022இல் பெற்றோல் வரிசையும் 13 மணித்தியால மின்வெட்டும் ஒன்றாக வந்தபோது சைக்கிளும் சார்ஜ் லைட்டும் ஜோடியாக விற்றன. அப்போது வாங்கியவை இப்போது ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. பல வீடுகளில் அந்த லைட்தான் குசினி விளக்காகவும் இருந்தது, பாவம், சைக்கிளை விட மீன் பொரித்த சட்டியைத்தான் அது கூடப் பார்த்திருக்கும்.

தம்பி, முதலில் பெட்டியில் உள்ளதைக் கணக்குப் பார்ப்போம். உள்ளே இருக்கும் லிதியம் அயன் பற்றரிச் செல்லின் சராசரி வோல்ட் 3.7. 4800 எம்.ஏ.எச் என்றால் 4.8 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 17.8 வாட் மணி. இனி வெளிச்சம். இந்த விலை லைட்டில் ஒரு வாட்டுக்கு 100 லூமன் வந்தால் நல்லது. ஆக 1200 லூமனுக்கு 12 வாட். 17.8ஐ 12ஆல் பிரித்தால் ஒன்றரை மணித்தியாலம். பெட்டியில் எழுதியது அத்தனையும் சத்தியம் என்றே வைத்தாலும் 1200 லூமனும் 6 மணித்தியாலமும் ஒரே லைட்டில் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒன்று முழு வெளிச்சத்தின் எண், மற்றது மினுக்கும் மோட்டின் எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து விடுகிறார்கள்.

அடுத்தது செல். உங்கள் லைட்டின் தடிப்பைப் பார்த்தால் உள்ளே ஒற்றை 18650 இருக்கும். அந்த எண் அளவுதான், 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல கம்பனிகளே அந்த உடம்புக்குள் 3500, 3600 எம்.ஏ.எச்சுக்கு மேல் அடைக்கச் சிரமப்படுகிறார்கள். 4800 என்று எழுதியிருந்தால் திறக்காமலே சொல்லலாம், பொய். 9900 என்று எழுதியதும் என்னிடம் வந்தது, அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள். போன் கடை யாரிடமாவது யூ.எஸ்.பி மீற்றர் ஒன்று இரவல் வாங்குங்கள், கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகுகிற சின்னப் பெட்டி. லைட் அணையும் வரை எரியவிட்டு, பிறகு சார்ஜில் போட்டு எத்தனை எம்.ஏ.எச் உள்ளே போகிறது என்று பாருங்கள். மலிவு லைட்டுகளில் இருக்கும் சார்ஜ் சிப் பெரும்பாலும் 4056 என்ற வகை. அதில் உள்ளே போகும் கறண்டும் செல்லுக்குப் போகும் கறண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் மீற்றர் காட்டுவதுதான் செல்லின் உண்மையான கொள்ளளவு என்று எடுக்கலாம்.

இரவுக்கடமை

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். இரவு டியூட்டிக்குச் சைக்கிளில் கல்முனை வீதியால் போகிறவள். முன் லைட் பற்றிப் பேசுகிறீர்கள், சரி. எனக்குப் பின் லைட்தான் பயம். பின்னால் வரும் பஸ்காரனுக்கு நான் தெரிய வேண்டும். முன் லைட் அணைந்தால் எனக்குத் தெரியும், இறங்கி நடப்பேன். பின் லைட் அணைந்தால் யார் சொல்வது?

வலையிறவான்

உண்மை அக்கா, அதை நான் யோசித்ததே இல்லை.

ரிப்பேர் காக்கா, மீற்றர் கிடைத்துவிட்டது. டவுனில் தெரிந்த தம்பி ஒருவன் தந்தான். நாளை இரவு செய்து பார்க்கிறேன்.

மண்டூரான்

பிறந்தது மண்டூர், இருப்பது ஜெர்மனியில் டோட்முண்ட். தினமும் வேலைக்குச் சைக்கிள்தான், இங்கே மார்கழியில் நாலரைக்கே இருட்டிவிடும். சின்ன வயதில் குறுமண்வெளித் துறையில் சைக்கிளைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றிக்கொண்டு மறுகரைக்குப் போன ஞாபகம் வந்துவிட்டது.

றலிக்கார ஐயா சொன்னதில் நியாயம் உண்டு. இந்த நாட்டில் வழக்கமான சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் முன்னுக்கு 2.4, பின்னுக்கு 0.6. ஐயாவின் றலியிலும் அதே அளவுதான் இருக்கும். 2013 வரை சாதாரண சைக்கிள்களுக்கு டைனமோ கட்டாயமாக இருந்தது. அதன் பிறகுதான் பற்றரி லைட் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். இன்னொன்று, இங்கே மினுக்கும் லைட் சைக்கிளில் போட அனுமதி இல்லை. விட்டு விட்டு எரிந்தால் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று எதிரே வருகிறவரால் மட்டுக்கட்ட முடியாது என்பது காரணம்.

பெட்டியில் எழுதும் நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். டோர்ச் கம்பனிகள் பின்பற்றும் ஒரு தராதரம் உண்டு, ஏ.என்.எஸ்.ஐ எஃப்.எல் 1 என்று பெயர். போட்டு 30 விநாடியில் வெளிச்சத்தை அளப்பார்கள். அது பத்தில் ஒன்றாகக் குறையும் வரை எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அதுதான் எரியும் நேரம். ஆகவே நேர்மையான கம்பனியின் 5 மணித்தியாலத்திலும் கடைசி இரண்டு மணித்தியாலம் மெழுகுதிரி வெளிச்சமாக இருக்கலாம். நேர்மை இல்லாதவர்கள் எந்தத் தராதரமும் பார்ப்பதில்லை, அது வேறு கதை.

ரியூசன் பெடியன்

எங்கள் வகுப்பில் எல்லாரும் மினுக்கும் மோட்தான். நாலு சைக்கிள் சேர்ந்து வந்தால் கோயில் திருவிழா மாதிரி.

றலிக்காரர்

அந்தத் திருவிழா எதிரே வரும்போது கண் கூசி நான் ஒருமுறை கானுக்குள் இறங்கியவன். லைட்டை வானத்துக்குக் காட்டாமல் றோட்டுக்குக் காட்டச் சொல்லு மனே.

வலையிறவான்

நேற்று இரவு செய்து முடித்தேன். மகள் கொப்பியில் நேரம் எழுதினாள், என்னை விட அவளுக்குத்தான் ஆர்வம்.

முழு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து வைத்தேன். முதலில் மேசையில் சும்மா வைத்தபோது பத்து நிமிடத்தில் தொட முடியாத சூடு, வெளிச்சமும் தானாகக் குறைந்தது. பிறகு ஃபேனைத் திருப்பி விட்டேன், அப்படிக் குறையவில்லை. எப்படியோ 43 நிமிடத்தில் அணைந்தது. மங்கி அணையவில்லை, ஒரே வெட்டு.

சார்ஜில் போட்டேன். மீற்றர் 1150 எம்.ஏ.எச்சில் நின்றுவிட்டது.

மறுகா, குறைந்த மோட்டிலும் பார்த்தேன். 3 மணித்தியாலம் 10 நிமிடம் எரிந்தது! மகள் நித்திரையாகிவிட்டாள், மிச்சத்தை நானே எழுதினேன்.

சாய்ந்தமருது ரிப்பேர்

கொப்பியை வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1150 எம்.ஏ.எச், 4.2 வாட் மணி சொச்சம். அதை 43 நிமிடத்தில் குடித்திருக்கிறது, அப்படியென்றால் 6 வாட் அளவு. ஆக உங்கள் 1200 லூமன் லைட் உண்மையில் 500, 600 லூமன் லைட். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வவுணதீவு றோட்டுக்கு 500 தாராளம். லைட்டின் தலையில் பிழை இல்லை, வயிற்றில்தான் பிழை.

ஃபேன் விஷயம் சரியாகப் பிடித்தீர்கள். எல்.ஈ.டிக்கு ஓட்டத்தின் காற்றுத்தான் விசிறி. நின்ற இடத்தில் முழு வெளிச்சத்தில் வைத்திருந்தால் தன்னைக் காப்பாற்ற அது வெளிச்சத்தைக் குறைக்கும். அப்படிக் குறைக்காத மலிவு லைட் உள்ளுக்குள் செல்லை அவிக்கும். பாலத்தில் நின்று கதைக்கிற நேரம் குறைந்த மோட்டுக்கு மாற்றுங்கள்.

குறைந்த மோட்டில் மூன்று மணித்தியாலம் எரிகிறதே, அதை ஏன் பாவிக்கவில்லை? வெளிச்சத்தைப் பாதியாக்கினால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, கொஞ்சம் மங்கினது போலத்தான் இருக்கும். டவுனுக்குள் குறைத்து வையுங்கள், பாலம் தாண்டியதும் கூட்டுங்கள். இன்றே ஒரு சதமும் செலவில்லாமல் வீடு போய்ச் சேரலாம்.

செல்லை மாற்ற விருப்பம் என்றால் திறந்து நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும்.

வலையிறவான்

நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். 31 கிராம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சாய்ந்தமருது ரிப்பேர்

31 கிராமில் 4800. மாஷா அல்லாஹ்.

ரியூசன் பெடியன்

பழைய லெப்டொப் பற்றரிக்குள் இதே செல் ஆறு இருக்குமே. எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. உடைத்து எடுத்துப் போட்டால் என்ன? யூடியூபில் எல்லாரும் செய்கிறார்கள். ஈயம் வைத்து ஒட்டினால் சரிதானே?

இரவுக்கடமை

தம்பி, தயவுசெய்து உடைக்க வேண்டாம். பற்றரியைக் குறட்டால் நசுக்கிக் கை பொசுங்கி வந்தவர்களுக்கு மருந்து கட்டியவள் நான். யூடியூபில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள்.

சாய்ந்தமருது ரிப்பேர்

தங்கச்சி சொல்வது சரி. லெப்டொப் செல்லில் நல்லவையும் உண்டு, ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்த செல்லை நான் தொடவே மாட்டேன், குப்பைக்குத்தான். மேலே நிற்பதை முழுச் சார்ஜ் செய்து ஒரு கிழமை மேசையில் வைத்துவிட்டு வோல்ட் இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கினால் உள்ளுக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஈயச் சூட்டுக்கோலை நேரே செல்லின் தலையில் வைப்பதும் கூடாது. சூடு உள்ளே இருக்கிற தாளைக் கெடுக்கும். நிக்கல் தகட்டைப் புள்ளி வெல்டிங்கால் ஒட்ட வேண்டும், அந்த மெசின் என்னிடம் இருக்கிறது, கல்முனையில் வேறு சிலரிடமும் இருக்கும்.

வலையிறவான் தம்பி, கடையில் கேட்கும்போது கவனம். பாதுகாப்புச் சர்க்கிட் வைத்துச் சுற்றிய செல் 68, 70 மில்லிமீற்றர் வரும், உங்கள் குழாய்க்குள் போகாது. உங்கள் லைட்டின் போர்ட்டிலேயே பாதுகாப்பு இருக்கிறதால் வெறும் செல் போதும். 3000 எம்.ஏ.எச் என்று எழுதிய நல்ல செல் எடுங்கள். எண் சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், எண் சின்னதாக எழுதியவன்தான் நம்பலாம்.

பொத்துவில் அலை

அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறேன். சீசன் நேரம் எல்லாச் சைக்கிளிலும் லைட் கட்ட வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டு வருவார்கள், சிலர் பாணமைப் பக்கம் போய்விட்டு இருட்டின பிறகு வருவார்கள், அந்த றோட்டில் யானை நிற்கும்.

நீங்கள் எல்லாரும் பற்றரி பற்றரி என்கிறீர்கள். என்னிடம் செத்த லைட்டுகளில் பற்றரியால் செத்தது குறைவு. பாதிக்கு மேல் சார்ஜ் துளையில்தான் செத்தன. கடற்காற்று. துளைக்கு மேல் இருக்கும் றப்பர் மூடி இரண்டு மாதத்தில் நெகிழ்ந்து வாய் பிளக்கும். உள்ளே உப்பு ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய மைக்ரோ யூ.எஸ்.பி துளை என்றால் இன்னும் மோசம், ஆட்டி ஆட்டிச் செருகியே அது கழன்றுவிடும். மீதியில் பெரும்பகுதி வார் அறுந்து றோட்டில் விழுந்தவை. வெயிலில் அந்த றப்பர் வார் வெடிக்கும். இப்போது பழைய ரியூபை வளையமாக வெட்டிக் கட்டுகிறேன், கம்பனி வாரை விட அது உழைக்கிறது.

இன்னொரு தலையிடி கேளுங்கள். புது டைப்-சி லைட் பத்து எடுத்தேன். வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று தன் சார்ஜரில் போட்டால் ஏறவில்லை என்று கொண்டுவந்து தந்தது. என் பழைய சார்ஜரில் போட்டால் ஏறுகிறது. பத்தும் அப்படித்தான். ஏன்?

மண்டூரான்

அது தெரிந்த நோய். இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில், மறுமுனையில் இருக்கும் பொருள் தன்னை அடையாளம் காட்டினால்தான் சார்ஜர் வோல்ட்டைத் திறக்கும். அடையாளம் காட்ட 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். சில சதம் மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விடுகிறார்கள். ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பி உள்ள கேபிளில் எப்போதும் 5 வோல்ட் வரும், அதனால் ஏறும். லைட் பழுதில்லை, பழைய கேபிளை எறிந்துவிடாதீர்கள்.

பொத்துவில் அலை

ஒரு பிள்ளைக்குக் காசு திருப்பிக் கொடுத்துவிட்டேனே ☹️

இரவுக்கடமை

கேபிள் கதை வந்ததால் என் கதையும். பின் லைட்டைப் பவர் பேங்கில் போட்டுவிட்டு நித்திரை கொள்வேன், பகல் நித்திரை. எழும்பிப் பார்த்தால் பவர் பேங்க் தானாக அணைந்திருக்கும், லைட் பாதிதான் ஏறியிருக்கும். பவர் பேங்க் பழுது என்று புதிதும் வாங்கினேன், அதுவும் அப்படியே. பழுது எதில்?

சாய்ந்தமருது ரிப்பேர்

எதிலும் இல்லை. சின்னப் பின் லைட் குடிக்கிற கறண்ட் மிகக் குறைவு. போன் கழற்றிவிட்டார்கள் போல என்று நினைத்துப் பவர் பேங்க் படுத்துவிடும். சுவர்ச் சார்ஜரில் போடுங்கள். அல்லது பவர் பேங்கில் போனையும் சேர்த்துப் போடுங்கள், போன் குடிக்கும் வரை லைட்டும் குடிக்கும்.

வேகச் சார்ஜரில் போட்டால் வெடிக்குமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். வெடிக்காது. கேட்காத பொருளுக்கு அது 5 வோல்ட்தான் கொடுக்கும்.

றலிக்காரர்

இத்தனை நாளாக வாசிக்கிறேன். கேபிள், ரெசிஸ்டர், தராசு, ஃபேன். என் டைனமோவுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

வலையிறவான்

ஐயா 🙏

கல்முனைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போன கையோடு காக்காவின் கடையில் இறங்கிச் செல் மாற்றிவிட்டேன். செல்லும் வேலையுமாக 2,000 ரூபா. புதுச் செல் 46 கிராம், என் கண் முன்னாலேயே நிறுத்துக் காட்டினார். வீட்டில் வந்து மகளும் நானும் திரும்பவும் பரீட்சை வைத்தோம். முழு வெளிச்சத்தில் 1 மணித்தியாலம் 45 நிமிடம். இப்போது இரண்டு நாளைக்கு ஒருக்கால்தான் சார்ஜ்.

ஒரு சந்தேகம். பகல் முழுக்க லைட் சைக்கிளில்தான் இருக்கிறது, சைக்கிள் கடை வாசலில் வெயிலில். பரவாயில்லையா?

மண்டூரான்

வேண்டாம். லிதியம் செல்லுக்கு ஆகாதது இரண்டு, ஒன்று சூடு, மற்றது நிறைந்த வயிற்றோடு சும்மா இருப்பது. வெயிலில் முழுச் சார்ஜோடு நாள் முழுக்க நிற்கிற லைட்டுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. கழற்றி உள்ளே வையுங்கள். மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாக இறங்கிய நிலையில் அலுமாரிக்குள் போட்டால் மெல்ல மெல்ல இன்னும் இறங்கி, பிறகு சார்ஜரில் போட்டாலும் எழும்பாது.

ஒழுங்காகப் பார்த்தால் 300 முதல் 500 சார்ஜ் வரை பெரும்பகுதிக் கொள்ளளவு நிற்கும். அதில் பாதிப் பாதியாக ஏற்றுவது முழுச் சார்ஜ் என்று எண்ணப்படாது, அதனால் முழுதாக இறங்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கம் பழைய நிக்கல் கட்மியம் காலத்தோடு போய்விட்டது.

பொத்துவில் அலை

கழற்றி உள்ளே வைக்காவிட்டால் வேறு யாராவது கழற்றி உள்ளே வைப்பார்கள்.

வலையிறவான்

*(கார்த்திகை மாதம்)*

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். மாரி வந்துவிட்டது. முன் லைட் சோக்காக இருக்கிறது. இரவுக்கடமை அக்கா சொன்னதைக் கேட்டு ஒரு பின் லைட்டும் வாங்கியிருந்தேன், அது போய்விட்டது. மழையில் நனைந்தது உண்மை, ஆனால் பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 4 என்று இருந்ததே. அன்று இரவு ஒழுங்காகத்தான் எரிந்தது. வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டேன், காலையில் பார்த்தால் உயிர் இல்லை. துளைக்குள் ஒரு ஊசி கறுத்திருக்கிறது.

சாய்ந்தமருது ரிப்பேர்

கடைசி வரியில் பதில் இருக்கிறது. மழை கொல்லவில்லை தம்பி, ஈரத் துளையில் சார்ஜ் போட்டதுதான் கொன்றது. தண்ணீர் நிற்கிற இடத்தில் 5 வோல்ட் கொடுத்தால் ஒரு இரவிலேயே ஊசியை அரித்துத் தின்றுவிடும். உப்பு சேர்ந்த ஈரம் என்றால் இன்னும் விரைவு.

ஐ.பி.எக்ஸ் 4 என்பது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும், அதுவும் மூடி ஒழுங்காக மூடியிருந்தால். பின் லைட்டுக்கு மழை மேலேயிருந்து வருவதில்லை, ரயர் கீழேயிருந்து சேற்றோடு வாரி அடிக்கிறது. மட்கார்ட் இருக்கிறதா உங்கள் சைக்கிளில்?

வலையிறவான்

இருந்தது...

சாய்ந்தமருது ரிப்பேர்

போடுங்கள். 600 ரூபா மட்கார்ட் லைட்டைக் காப்பாற்றும், சேர்ட்டையும் காப்பாற்றும்.

மழையில் நனைந்து வந்தால் துளையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துத் தட்டி, மூடியைத் திறந்து, ஃபேனுக்கு முன்னால் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். றப்பர் மூடிக்கு வஸலின் பூசச் சொல்லி ஒரு வைத்தியம் ஊரில் ஓடுகிறது, அது சில வகை றப்பரை ஊதப் பண்ணும். சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் போதும்.

இரவுக்கடமை

இதனால்தான் நான் பின்னுக்கு இரண்டு லைட் வைத்திருக்கிறேன். ஒன்று சார்ஜ் லைட், மற்றது சின்ன விரல் பற்றரி இரண்டு போடுகிற பழைய வகை. அதற்கு நிக்கல் ஹைட்ரைட் சார்ஜ் பற்றரி போடுகிறேன். சாதாரண பற்றரி 1.5 வோல்ட், இது 1.2தான், வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் துளை இல்லை, களிம்பு இல்லை. பற்றரியை மட்டும் கழற்றி வீட்டில் சார்ஜ் செய்கிறேன். இறங்கினால் வழியில் எந்தக் கடையிலும் இரண்டு பற்றரி வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இரண்டு லைட்டும் ஒரே இரவில் இதுவரை சாகவில்லை. இருக்கையின் கீழே சிவப்பு ஒளிதெறிப்பானும் உண்டு, அதற்குப் பற்றரியே இல்லை.

ரியூசன் பெடியன்

அக்கா, விரல் பற்றரி லைட் இப்போது எங்கே கிடைக்கும்? எல்லாக் கடையிலும் யூ.எஸ்.பிதான் காட்டுகிறார்கள்.

இரவுக்கடமை

பழைய சைக்கிள் கடைகளில் கேள். கண்ணாடி அலுமாரியில் இருக்காது, உள்ளே தூசியோடு பெட்டியில் கிடக்கும். நான் அப்படித்தான் எடுத்தேன். எடுத்த உடனே ஸ்பிரிங்கைப் பார், வெள்ளைப் பூ பூத்திருந்தால் விலை குறைத்துக் கேள். வினாகிரியில் தோய்த்த துணியால் துடைத்தால் போகும்.

றலிக்காரர்

சரி, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. மழையில் டைனமோ வழுக்குகிறது. ரயர் நனைந்தால் உருளை சுற்றாமல் சும்மா தேய்கிறது, வெளிச்சம் கண் சிமிட்டுகிறது. வெயில் காலத்தில் சொன்னதெல்லாம் வெயில் காலத்துக்குத்தான். போன கிழமை காத்தான்குடிச் சந்தியில் மழைக்குள் காலை ஊன்றி நின்றேன், நின்றதும் இருட்டு. பின்னால் வந்த ஓட்டோக்காரப் பெடியன் பிறேக் அடித்துவிட்டு என்னை நல்ல வார்த்தை நாலு சொன்னான்.

நின்றாலும் கொஞ்ச நேரம் எரிகிற மாதிரி ஏதோ வைக்கலாமாமே?

மண்டூரான்

வைக்கலாம் ஐயா, இங்கே பல டைனமோ லைட்டுகளில் இருக்கிறது. பின் லைட்டை எல்.ஈ.டியாக மாற்றி, டைனமோவின் மாறும் கறண்டை நேராக்கி, ஒரு பெரிய கெப்பாசிற்றரில் சேர்ப்பது. 5.5 வோல்ட், 1 ஃபரட் அளவில் சின்னப் பொத்தான் போல வரும். நின்ற பிறகும் சில நிமிடம் எரியும். இறக்கத்தில் வேகமாகப் போனால் டைனமோ வோல்ட் ஏறும், அதைக் கட்டுப்படுத்த ஒரு செனர் டயோட்டும் வேண்டும், இல்லாவிட்டால் கெப்பாசிற்றர் கருகும். ரிப்பேர் காக்கா கைக்கு அரை மணித்தியால வேலை.

மழை வழுக்கலுக்கு, உருளையில் மாட்டுகிற றப்பர் தொப்பி ஒன்று உண்டு. கொஞ்சம் பிடிக்கும்.

றலிக்காரர்

மட்டக்களப்பில் ஏது இறக்கம். பாலத்தால் இறங்கினால்தான் உண்டு.

காக்கா, வெள்ளிக்கிழமை கடை திறந்திருக்குமா?

சாய்ந்தமருது ரிப்பேர்

வெள்ளி வேண்டாம் ஐயா, சனி காலை வாருங்கள். கெப்பாசிற்றர் இருக்கிறது, பழைய ரேடியோ போர்ட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்தது. சைக்கிளையும் கொண்டுவர வேண்டும், டைனமோவை ஓட்டி வோல்ட் பார்க்காமல் செனர் போட முடியாது.

றலிக்காரர்

சைக்கிளைக் கொண்டுவருவதா, சைக்கிளில் வருவதா? ஆரையம்பதியிலிருந்து சாய்ந்தமருதுக்கு என்றால் முழங்காலிடம் ஒருக்கால் கேட்க வேண்டும்.

பொத்துவில் அலை

பஸ்ஸின் பின் ஏணியில் கட்டுங்கள் ஐயா. லைட்டைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.